தட்டுக்கு ஒரு புத்தகம்

பொங்கல் முடிந்த வாரத்தில் புத்தகக் கடைக்காரனுக்குப் பெரிதாக வேலை இருக்காது. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் பை நிறைய வாங்கி வந்திருப்பார்கள். நோட்டு, கைடு வியாபாரம் ஜூனில்தான். கும்பகோணத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைத்தெருவே சாப்பிட்டுப் படுத்துவிடும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கணக்குப் பார்க்கிற பாவனையில் நானும் கண்ணயர்வேன். அப்படி ஒரு மதியம்தான் டீச்சர் வந்தார்.

ஓய்வு பெற்றவர். மாதத்துக்கு ஒரு முறை வந்து ஒன்றோ இரண்டோ எடுப்பார். தள்ளுபடி கேட்க மாட்டார். அன்றைக்கு எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலைக் கையில் எடுத்துப் புரட்டியபடி, "தம்பி, இது எப்படி இருக்கும்?" என்றார்.

"நல்லாப் போகுது டீச்சர்."

"போறது இருக்கட்டும். நீங்க படிச்சீங்களா?"

"நம்ம ஊர்க்காரர் எழுதினது டீச்சர். 1993இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கின புத்தகம்..." என்று பின்னட்டையை ஒப்பித்தேன். அவர் சிரித்தார். பணத்தைக் கொடுத்தார், போய்விட்டார். நான் சொன்ன 'நல்லாப் போகுது' என்பதும் பொய்தான். மூன்று பிரதிகள் நான்கு வருடமாக அதே இடத்தில் இருந்தன. வாரம் ஒரு முறை தூசி தட்டுவேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த உறவு.

இருபத்திரண்டு வருடமாகக் கடையில் உட்காருகிறேன். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில், என்ன விலை, எந்தப் பதிப்பகம் எத்தனை சதவீதம் கழிவு தரும், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா மாட்டார்களா, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் தடுமாற்றம். சின்ன வயதில் நிறையப் படித்தவன்தான். கடைக்கு வந்த பிறகு படிப்பு எப்படியோ நின்றுபோனது. இனிப்புக் கடைக்காரன் இனிப்புச் சாப்பிட மாட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம்.

அன்று ராத்திரி உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நாலைந்து பக்கம் புரட்டலாம் என்றுதான். இந்த ஊர்க் கல்லூரியில் அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் 1880. அதே வருடம் சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீபாக மாற்றலாகி இங்கே வருகிறார். உ.வே.சா. அவரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் பெரிய பட்டியலே போடுகிறார். முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். புத்தகம் கிடைக்கவில்லை, அதனால் படிக்கவில்லை என்கிறார் இவர். அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளம்பியவர்தான் ஏடு தேடி அலைந்து 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். அவருக்காவது புத்தகம் கிடைக்கவில்லை. எனக்குத் தலைக்கு மேல், காலுக்குக் கீழ், கல்லாவுக்குப் பின்னால் என்று எங்கும் புத்தகம்தான்.

மறுநாள் ஒரு முடிவு. கடையில் கைடு, நோட்டு, பஞ்சாங்கம் போக பதினோரு தட்டுகள். தட்டுக்கு ஒரு புத்தகமாவது இந்த வருடத்துக்குள் முழுசாகப் படித்துவிட வேண்டும். பிடித்த தட்டிலேயே சுற்றிச் சுற்றி வரக்கூடாது என்பதுதான் இதில் கஷ்டமான நிபந்தனை.

விற்பனைப் பிரதியைப் படிப்பதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. படித்த பிறகும் அது புதுசாகவே இருக்க வேண்டும். பழுப்புத் தாளில் அட்டை போட்டேன். முனை மடிப்பதில்லை; பழைய பில் புத்தகத்துத் தாளை அடையாளத்துக்கு வைப்பேன். இப்போது வருகிற ஒட்டுப் பைண்டிங்கை விரித்து அமுக்கினால் முதுகு வெடித்துவிடும்; முக்கால் திறப்பில் பிடித்துத்தான் படிக்க வேண்டும். எனக்கு மதியம் பஜ்ஜி சாப்பிடும் பழக்கம் நின்றது இந்தப் படிப்பால்தான். இரண்டு மாதத்துக்கு அப்புறம் புத்தி வந்து, பார்சலில் மூலை நசுங்கி வந்த பிரதிகளை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். பதிப்பகங்கள் அவற்றுக்குக் கூடுதல் கழிவு கொடுத்துவிடும். வீட்டில் நூலகம் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பழக்கமான கடையில் இப்படி நசுங்கின பிரதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்கிறவர்கள் குறைவு, இருப்பது நிறைய.

முதல் புத்தகம் 'காதுகள்'. வேறு எதை எடுப்பது? காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கிற ஒருவரின் கதை. ஆசிரியர் தனக்கே நேர்ந்ததைத்தான் நாவலாக்கியிருக்கிறார். ஜரிகை வியாபாரம் பார்த்துக்கொண்டு, இதே தெருக்களில் நடந்துகொண்டு, உள்ளே அப்படி ஓர் இரைச்சலைச் சுமந்தவர். ஒரே மூச்சில் படிக்கவே முடியவில்லை. இரண்டு நாள் படிப்பேன், மூன்றாவது நாள் பயமாக இருக்கும். கடையில் ஆளில்லாத நேரத்தில் ஃபேன் சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது. முடித்த அன்று டீச்சரை நினைத்து வருத்தமாக இருந்தது. தனியாக இருக்கிறவர். எச்சரிக்காமல் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேனே.

அப்போதுதான் அந்தப் பேரேடு தொடங்கியது. அப்பா காலத்துக் கணக்கு நோட்டு ஒன்று காலியாகக் கிடந்தது. பற்று, வரவு என்று இருந்த இரண்டு பத்திகளுக்கும் வேறு தலைப்புப் போட்டேன்: 'யாருக்குக் கொடுக்கலாம்', 'யாருக்குக் கொடுக்கக்கூடாது'. முதல் பத்தியைப் பின்னட்டை பார்த்தே ஓரளவு நிரப்பிவிடலாம். இரண்டாவது பத்தி எழுத வேண்டுமென்றால் கடைசிப் பக்கம் வரை போயாக வேண்டும். 'காதுகள்' நேராக எழுதினேன்: 'தூக்கம் வராதவர்களுக்கு வேண்டாம்.'

அடுத்து எடுத்தது மாத நாவல் தட்டு. உண்மையைச் சொன்னால், இந்தத் தட்டை நான் கொஞ்சம் இளப்பமாகப் பார்த்தவன். ஆனால் கடை வாடகையில் பாதி அதில் வருகிறது. ஆயிரத்துக்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரின் ஒன்றைப் பிரித்தேன். ஓர் அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்த அத்தியாயத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை, கடைசியில் இரண்டும் ஓரிடத்தில் வந்து முட்டும். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து ஏதோ விலை கேட்டார். நான் நிமிரவே இல்லை. "அண்ணே, கொலையாளி யாருன்னு நான் சொல்லவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வாரா வாரம் வருகிற ஆட்டோக்காரர், ஏற்கெனவே படித்துவிட்டார். ஸ்டாண்டில் சவாரி வருவதற்குள் ஓர் அத்தியாயம் முடிய வேண்டும் என்பது அவர் கணக்கு. பெரிய நாவல்களில் எது இந்தக் கணக்குக்கு ஒத்து வரும் என்று இருவரும் பேசினோம். தொடர்கதையாக வந்தவை ஒத்து வரும் என்று தோன்றியது. வாரா வாரம் வாசகரை இழுத்துப் பிடிக்க எழுதினவை அல்லவா? 1950இலிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எடுத்துப் போனார். ஆடி மாதத்துக்குள் ஐந்து பாகமும் முடித்தார். தடித்த புத்தகத்தைப் பார்த்து மலைக்கிறவர்களுக்கு இப்போது இதைத்தான் சொல்கிறேன்: தொடராக வந்ததைத் தொடராகவே படியுங்கள், நாளுக்கு ஓர் அத்தியாயம்.

'பொன்னியின் செல்வன்' என்றதும் ஒரு புலம்பல். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 2022இல் படம் வந்தபோது புதுப் புதுப் பதிப்புகள் வந்து குவிந்தன. வெளியூரிலிருந்து வந்த பையன்கள் கடைக்குள் நுழைந்து, குடந்தை சோதிடர் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பழையாறைக்கு வழி சொல்லி அனுப்பினேன், அதுவாவது நிஜமாக இருக்கிற ஊர். அந்தச் சமயத்தில் ஒரு பதிப்பகத்தின் பதிப்பை விலை குறைவு என்று நிறைய இறக்கினேன். எல்லாப் பாகமும் ஒரே கட்டு. பாட்டிக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிப் போன பெண் மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தாள். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. போதாததற்கு ஒரு பக்கம் பாதியில் நின்று அடுத்த பக்கம் வேறு எங்கோ தொடங்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து நாட்டுடைமை நூல் எதுவானாலும் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அத்தியாயத்தைப் பார்க்கிறேன். வாங்குகிறவர்களும் இதைச் செய்யலாம், இரண்டு நிமிட வேலைதான். 'சுருக்கப் பதிப்பு' என்று உள்பக்கத்தில் எங்காவது பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா, மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருக்கிறதா, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்தால் எத்தனை எழுத்துப் பிழை. ஒரு பக்கத்தில் மூன்று பிழை கண்ணில் பட்டால் அந்தப் பதிப்பை வைத்துவிடலாம்.

சமையல் தட்டில் 'சமைத்துப் பார்'. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் வந்தது. கல்யாணமான பெண்ணுக்குத் தாய் வீட்டிலிருந்து கொடுத்து அனுப்புகிற புத்தகமாக இன்றைக்கும் விற்கிறது. இதை ஒரு நாவல் போல முதலிலிருந்து படித்தேன். "இதெல்லாம் படிக்கிற புத்தகமாங்க?" என்றாள் மனைவி. ஆனால் அதில் இருக்கிற தமிழைப் பாருங்கள். ஓர் அலங்காரச் சொல் கிடையாது. அடுப்பு மூட்டத் தெரியாதவளுக்கும் புரிய வேண்டும் என்று, பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தக் குழம்பில் இறங்கினேன். வீட்டில் இருந்தது பழைய பதிப்பு, அளவு ஆழாக்கில். மாமியாரின் பித்தளை ஆழாக்கைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் துலக்கி, அளந்து வைத்தேன். குழம்பு நன்றாகத்தான் வந்தது, கொஞ்சம் உப்பு கூடுதல், அது என் கை. பேரேட்டில் 'கொடுக்கக்கூடாது' பத்தியில் எழுதினேன்: 'அவசரத்தில் இருப்பவர்கள். படம் இல்லாமல் சமைக்க முடியாதவர்கள்.'

உப்பு என்றதும் தொ. பரமசிவன். அவருடைய 'அறியப்படாத தமிழகம்' ஆராய்ச்சித் தட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையது. ஆராய்ச்சித் தட்டு என்றாலே ஜனங்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். உள்ளே பார்த்தால் எல்லாம் சின்னச் சின்னக் கட்டுரைகள். உப்பு, எண்ணெய், உடை என்று நாம் தினம் தொடுகிற விஷயங்கள். புதுவீடு புகும்போது ஏன் உப்பை முதலில் எடுத்துப் போகிறோம் என்று இத்தனை வயதுவரை நான் யோசித்ததே இல்லை. படித்து முடித்ததும் அதை எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில், ஊதுவத்திக்கு அருகில் வைத்தேன். "படிக்கணும்னு ஆசைதான், நேரமே இல்லை" என்கிறவர்களிடம் அதை நீட்டி, "ரெண்டு பக்கம் மட்டும் இங்கேயே நின்னு படிங்க" என்பேன். வைத்த இடத்தை மாற்றிய நாலு மாதத்தில் பதினான்கு பிரதிகள் போயின. முந்தைய மூன்று வருடத்தில் போனது இரண்டு.

இயற்கையைப் பற்றி மா. கிருஷ்ணன் எழுதிய 'மழைக்காலமும் குயிலோசையும்' பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைப் படித்த வாரத்தில், கடைக்குப் பின்புறத்து வேப்பமரத்திலிருந்து 'ஊப் ஊப்' என்று வருகிற சத்தம் செம்போத்துடையது என்று கண்டுபிடித்தேன். இருபத்திரண்டு வருடமாக அதைக் குரங்கு என்று நினைத்திருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்புத் தட்டுக்கு எப்போதும் பயந்தவன் நான். ஒரு காலத்தில் மூன்றாவது வரியிலேயே நாக்குச் சுளுக்கிக்கொள்கிற மொழிபெயர்ப்பு ஒன்றைப் படித்துச் சூடு கண்ட பூனை ஆனேன். இந்தத் தடவை ஒரு சோதனை வைத்தேன். எந்த மொழிபெயர்ப்பானாலும் இரண்டு பேர் பேசிக்கொள்கிற ஒரு பக்கத்தைப் பிரித்து, மெல்ல வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது. விவரிப்பில் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம், பேச்சில் முடியாது. அட்டையிலோ உள்பக்கத்திலோ மொழிபெயர்த்தவர் பெயர் தெளிவாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். பெயர் போடத் தயங்குகிற இடத்தில் வேலையும் அப்படித்தான் இருக்கும் என்பது என் அனுபவம். இரண்டிலும் தேறியது 'திருடன் மணியன்பிள்ளை'. மலையாளத்தில் ஜி.ஆர். இந்துகோபன் எழுதியது, தமிழில் குளச்சல் யூசுஃப். மொழிபெயர்ப்புக்கான சாகித்ய அகாதெமி விருது 2018இல் இதற்குக் கிடைத்தது. ஒரு நிஜத் திருடர் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். எந்த வீட்டில் எப்படி நுழைவது, எப்படி மாட்டிக்கொள்வது, மைசூருக்குப் போய்ப் பணக்காரராக வாழ்ந்து அத்தனையும் கைவிட்டுப் போவது. படிக்கும்போதே இரண்டு தடவை எழுந்து போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். பார்சல் சர்வீஸில் மூட்டை இறக்குகிற ஒருவர் நின்று அட்டையைப் பார்த்து, "என்ன முதலாளி, திருடனைப் பத்தியா?" என்றார். அவர் பாடப்புத்தகம் தவிர வேறு எதுவும் படித்ததில்லை. நசுங்கின பிரதி ஒன்றைக் கொடுத்தேன். முழுசாகப் படித்தாரா தெரியாது. ஆனால் ஒவ்வொரு பார்சலுக்கும் வரும்போது மணியன்பிள்ளை எந்த ஜெயிலில் இருக்கிறார் என்று தகவல் சொல்வார்.

சுயமுன்னேற்றத் தட்டில் முப்பது பக்கம் தாண்ட முடியவில்லை. விதியை நானே உடைத்தேன், சரி. எனக்கு ஒத்துவராததால் அந்தத் தட்டையே குறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. போட்டித் தேர்வில் மூன்றாவது முறையும் தவறிப்போன பையன் ஒருவன் அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அதே புத்தகத்தில் இன்னொரு பிரதி நண்பனுக்கு என்று வாங்க வந்தான். தட்டைக் குறைக்கவில்லை.

சிறுவர் தட்டில் 'டோட்டோ-சான்'. ஜப்பானில் டெட்சுகோ குரோயானாகி எழுதியது. மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடிக்கொண்டும், ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்ததால் ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருக்கும் இன்னொரு பள்ளிக்குப் போகிறாள். முதல் நாள் தலைமையாசிரியர் அவளை உட்கார வைத்து, உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல் என்கிறார். மணிக்கணக்காக அவள் பேசுகிறாள். அவர் கொட்டாவி விடாமல் கேட்கிறார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் என் பெண் அரைமணி நேரமாக எதிரில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்; நான் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தேன். அவள் வகுப்பில் யாரோ யாருடைய பென்சில் பாக்ஸையோ ஒளித்துவைத்த கதை. பெரிய விஷயமெல்லாம் இல்லை. கேட்டேன். முடிய முக்கால் மணி நேரமானது, கிளைக்கதைகள் ஏராளம்.

மறுநாள் அந்தப் புத்தகத்தைச் சிறுவர் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அது இருப்பது பள்ளிக்கூட நோட்டுகள் வாங்க அப்பா அம்மாக்கள் நிற்கிற இடத்தில், அவர்கள் கண் உயரத்தில்.

இந்த எட்டு ஒன்பது மாதத்தில் நான் கேட்கிற கேள்வி மாறியிருக்கிறது. முன்பெல்லாம் பரிசுப் புத்தகம் வாங்க வருகிறவர்களிடம், "கதையா, கட்டுரையா, என்ன மாதிரி வேணும்?" என்பேன். அவர்கள் விழிப்பார்கள். இப்போது, "அவங்க கடைசியா எதைப் பாதியில நிறுத்தினாங்க?" என்று கேட்கிறேன். ஜனங்களுக்குப் பிடித்ததைச் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கிறது. பிடிக்காததைச் சொல்லும்போது உற்சாகம் பொங்கி வருகிறது. அதிலிருந்து பிடித்துக்கொண்டு போய்விடலாம்.

டீச்சர் புரட்டாசியில்தான் மறுபடி வந்தார். நடுவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாராம். 'காதுகள்' பற்றி நானே ஆரம்பித்தேன். சொல்லாமல் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்குத் தம்பி மன்னிப்பு? எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி ரெண்டு வருஷம் அப்படித்தான் குரல் கேட்டுது. அதுக்காகத்தான் அதை எடுத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அவர் கவிதைத் தட்டுப் பக்கம் போனார்.

பதினோரு தட்டில் இன்னும் நான் கை வைக்காதது அதுதான். ஞானக்கூத்தன் தொகுப்பு ஒன்றைப் பழுப்பு அட்டை போட்டு வைத்து மூன்று மாதமாகிறது. ஒவ்வொரு தடவையும் நாலாவது கவிதையில் யாராவது ஜெராக்ஸ் கேட்டு வந்துவிடுகிறார்கள்.

டீச்சர் ஒரு மெல்லிய தொகுப்பை எடுத்து என்னைப் பார்த்தார். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "படிக்கலை டீச்சர்."

"சரி" என்று அதைப் பில்லுக்கு வைத்தார்.

பேரேட்டில் அந்தத் தலைப்பை எழுதி, இரண்டு பத்தியையும் காலியாக விட்டிருக்கிறேன். அவர் அடுத்த மாதம் வருவார்.